போகஸ் தப்பிய படம்

துளசியின் கல்யாண ஆல்பத்துக்கு எண்பது படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லி மூன்று முறை வாட்ஸ்அப் போட்டிருந்தேன். பதிலே இல்லை. தாலி ஏறியதும் படக்காரனை மறந்துவிடுவது எங்கள் வட்டாரத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. கோபத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். ஆறாவது வாரம் அவளே கூப்பிட்டாள்.

"புவனேசன் அண்ணே, அப்பா தவறிட்டாரு."

அவள் அப்பா சன்னாசி ஈஜோக் பக்கம் ஒரு சீனரின் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். அன்று காலையும் நாற்பது மரம் வெட்டியிருக்கிறார். அரிவாள் கட்டிய நீளக் கழியை மரத்தில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். குலை ஏற்ற வந்த லோரிக்காரன்தான் பார்த்தானாம். போத்தல் மூடி கையிலேயே இருந்ததாம்.

"பதினாறாம் நாளு கருமக்கிரியைக்குப் படம் வேணும்ணே. அப்பா படம் ஒண்ணுகூட உருப்படியா இல்ல. பழைய ஆல்பம் பூரா அந்தப் பெரிய வெள்ளத்துல போச்சு. ஐசி அடையாள அட்டைய ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க, காப்பில மொகம் கறுப்பா அப்பிக் கெடக்கு. என் போன்ல இருக்கறதெல்லாம் முதுகுதான். போன தூக்குனாலே திரும்பிக்குவாரு. கல்யாணத்துல எங்கயாச்சும் நின்னுருப்பாரு லா. கொஞ்சம் பாருங்கண்ணே."

பார்க்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவை நான் பார்க்கவே இல்லை. தாரை வார்த்துக் கொடுத்தவர் தாய்மாமன் செல்லன். அப்பா எங்கே என்று மேடையில் யாரையோ கேட்டேன். உடம்பு முடியவில்லை என்றார்கள். மேற்கொண்டு கேட்கவில்லை. முகூர்த்த நேரத்தில் படக்காரனுக்கு ஊர்க்கதை எதற்கு?

என் லென்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்தைந்து மில்லிமீட்டர், ஒன்று புள்ளி நான்கு. வாயை முழுக்கத் திறந்து வைத்தால் பெண்ணின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், காதுத்தோட்டுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகிவிடும். கம்போங் குவாந்தான் படகில் ஜோடிகளை உட்காரவைத்து, பின்னால் மரத்து மின்மினிகளை மங்கலான பொட்டுப் பொட்டாக விழவைத்து நான் எடுக்கிற படங்களுக்காகவே ரவாங்கிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். துளசியும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் என்னிடம் வந்தாள். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே ஓடிவந்து சொன்னாள்.

"பின்னாடி ஃபுல்லா ப்ளர் பண்ணிடுங்கண்ணே. சமையல் கேஸ் தோம்பு, தண்ணி பீப்பா, அந்த ஓட்டை ஃபேன் ஒண்ணும் தெரியக்கூடாது. சசி வீட்டுல எல்லாரும் பாப்பாங்க."

தெரியாமல் செய்துவிட்டேன். அதில் நான் கெட்டிக்காரன்.

தாலி கட்டும் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணமகன் சசிகுமாரின் தலைப்பாகைக்கும் துளசியின் மல்லிகைக்கும் நடுவே, மண்டபத்தின் பின்கதவோரம், வெள்ளைச் சட்டையில் ஓர் உருவம் நின்றது. உருவம் என்றுகூடச் சொல்ல முடியாது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, அவ்வளவுதான். துளசிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டு அழுதாள்.

"அப்பாதாண்ணே. வலது தோளு எறங்கியிருக்கு பாருங்க. கழி தூக்கித் தூக்கி அப்படி ஆயிருச்சு."

மங்கிய படத்தைத் தெளிவாக்க இப்போது கணினியில் மென்பொருள் வந்துவிட்டது. ஒரு பொத்தான்தான். அமுக்கினேன். பழுப்புக் குழம்பிலிருந்து மெல்ல ஒரு முகம் எழுந்து வந்தது. நெற்றி, மூக்கு, நரைத்த மீசை, இரண்டு கண்கள். அந்த ஆளே எழுந்து வந்து என் முன் உட்கார்ந்தது போல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நெற்றியில் திருநீறு வைத்து, பின்னால் நீல நிறம் கொடுத்து, பெரிய சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துளசி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு நல்லாருக்குண்ணே" என்று மட்டும் சொன்னாள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கருமக்கிரியை முடிந்த நாலாம் நாள், அவள் அம்மா நல்லம்மாள் கோலசிலாங்கூர் கடைவரிசையின் மாடியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தார். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து பஸ். பெரிய துண்டில் எதையோ சுற்றி இடுப்பில் இடுக்கியிருந்தார். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது, மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் ஜன்னல் கம்பியில் ஒண்டியிருந்தன.

"வாங்கம்மா. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு தம்பி." துண்டை அவிழ்த்தார். உள்ளே நான் செய்து கொடுத்த படம். மாலைச் சரடு பட்ட கறை கண்ணாடியில் இருந்தது. "இது யாரு தம்பி?"

"அம்மா?"

"கோவப்படாதீங்க. யாரு வூட்டு ஆம்பளன்னு கேட்டேன்."

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. கொஞ்சம் ஷார்ப் பண்ணியிருக்கேன்."

"எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கண்ணுதான்."

படத்திலிருந்த இரண்டு கண்களையும் குனிந்து பார்த்தேன்.

"துளசிக்கு நாலு வயசுல. குல வெட்டறப்ப மேலேருந்து முள்ளு விழுந்து எடது கண்ணு போச்சு. அவிச்ச முட்டையாட்டம் வெள்ளையா நிக்கும். அதான் போட்டோன்னா திரும்பிக்குவாரு. இவருக்கு ரெண்டு கண்ணும் சோக்கா இருக்கு. மூக்கு கூட அவருது இல்ல."

"துளசி ஒண்ணும் சொல்லலியே..."

"அவளுக்குப் புடிச்சிருக்கு. அப்பாவ அப்படிப் பாத்ததில்லல்ல. இருக்கட்டும்மா, விடும்மாங்கிறா." முந்தானையால் கண்ணாடிக் கறையைத் துடைத்தார். "பதினாறாம் நாளு இந்தாளுக்கு முன்னாலதான் எல போட்டேன். நெத்திலி சம்பல், கருவாட்டுக் கொழம்பு, பால் ஊத்தாத கோப்பி ஓ, எல்லாம் அவருக்குப் புடிச்சது. அந்தச் சோறு யாருக்குப் போச்சு தம்பி?"

இத்தனை வருடத் தொழிலில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. சரியில்லை என்பார்கள், கறுப்பாக இருக்கிறது என்பார்கள், குண்டாகத் தெரிகிறேன் என்பார்கள். அப்படிப்பட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் உண்டு.

"அவரு தெனம் சாயந்தரம் பின்கதவுக்கிட்ட வர்றாரு" என்றார், பக்கத்து வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வது போல. "வேலியோரம் நிப்பாரு. உள்ள வர்றதில்ல. மொகம் தெரிய மாட்டேங்குது. பசியோட நிக்கிறாரு தம்பி. எனக்கு நெசமான படம் வேணும்."

கோப்பி போட்டுக் கொடுத்தேன். நிஜத்தை எடுக்க வழியில்லை என்று விளக்கியாக வேண்டுமே. மேசையில் அவருடைய கோப்பிக் கோப்பையை வைத்தேன், அதற்கு ஒரு முழம் பின்னால் பிஸ்கட் டின், கடைசியில் ஜன்னலோரம் அவர் குடை. லென்ஸை முழுக்கத் திறந்து கோப்பையை எடுத்தேன். பிறகு துளையைச் சிறியதாக்கி அதையே மறுபடி எடுத்தேன். இரண்டையும் திரையில் காட்டினேன்.

"இதுல மூணும் தெரியுது. இதுல கோப்ப மட்டும்தான் தெரியுது" என்றார்.

"ஆமாம்மா. லென்ஸ்ல ஒரு ஓட்டை இருக்கு. அதச் சின்னதா வச்சா கிட்டக்க, தூரம் எல்லாம் ஓரளவு ஷார்ப்பா விழும். பெருசா தொறந்தா ஒரு தகடு மட்டும்தான் ஷார்ப். தாள் கனத்துக்கு. அதுக்கு முன்னால பின்னால இருக்கறது கலஞ்சிரும்."

"ஊசில நூலு கோக்கறாப்புல. அந்நேரம் வாசல்ல யாரு வந்தாலும் தெரியாது."

"அதேதாம்மா."

"கலஞ்சத திரும்பச் சேக்க முடியாதா?"

"சீனி போட்டுக் கலக்குன தேத்தண்ணிலேருந்து சீனிய எடுக்கச் சொல்ற மாதிரிம்மா. கம்ப்யூட்டர் எடுக்கல. ஆயிரம் பேரு மொகத்தப் பாத்துட்டு, இப்படித்தான் இருக்கும்னு அதுவா வரஞ்சிருச்சு. நான் நம்பிட்டேன். மன்னிச்சிருங்கம்மா."

அவர் முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடை அதில் ஒரு கறுப்புப் புகை.

"அப்ப, வேணும்னே தொறந்து வச்சுத்தான் அவரக் கலச்சீங்களா?"

"அவருன்னு தெரியாதும்மா. பின்னாடி ஒண்ணும் தெரியக்கூடாதுன்னு துளசி..."

"ஒங்கள ஒண்ணும் சொல்லல." கோப்பியை ஆற்றாமலே ஒரு மிடறு குடித்தார். "நாந்தான் அவரப் பின்னால போகச் சொன்னேன்."

மழை அப்போதுதான் இறங்கியது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. இப்படி ஒரு விஷயத்தை உரத்துச் சொல்ல நேர்ந்தது எனக்கே பாவமாக இருந்தது.

"பந்தக்கால் ஊனுன அன்னிக்கிக் காலைல சொன்னேன். ரவாங்குலேருந்து பெரிய எடம் வருது. மணவறைல ஒத்தக் கண்ணோட நின்னு தார வாத்தா சகுனம் அது இதும்பாங்க. செல்லன் வாத்துக் குடுக்கட்டுங்க, நீங்க ஆளு கண்ணுல படாம இருந்துக்குங்கன்னேன்."

"மாப்பிள்ள வீட்டுல சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல தம்பி. அதான். சசி தங்கமான புள்ள. நானா நெனச்சிக்கிட்டேன்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "அவரு ஒரு வார்த்த பேசல. சட்டப் பித்தானப் போட்டுக்கிட்டே, 'செரிம்மா, நான் பின்னால சோத்துப் பக்கம் பாத்துக்கிறேன்'னாரு. தாலி ஏறுறப்ப நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஆளக் காணோம். பெத்த புள்ள கழுத்துல தாலி ஏறுறதப் பாக்காம சமயக்கட்டுல கெடந்தாருன்னே நெனச்சேன். அதுக்கப்பறம் அஞ்சு வாரம் இருந்தாருல்ல. கேக்கல. கேட்டா சொல்லிருவாரோன்னு பயம்."

"இப்பதான் தெரியுதுல்லம்மா, கதவுக்கிட்ட நின்னுருக்காரு."

"நின்னாரு. பாத்தாரா?" விரலைத் திரைக்குக் கொண்டுபோனார். துளசிக்கு அனுப்பிய அந்த மங்கிய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். "இங்க பாருங்க. கை மொகத்துக்கிட்ட இருக்கு. கண்ணத் தொடைக்கிறாரா? இல்ல, பாக்கவே புடிக்காம மொகத்த மூடிக்கிட்டாரா? இது தெரியாம நான் எப்படி வெளக்கேத்துவேன்?"

நானும் பார்த்தேன். பழுப்போடு பழுப்பு ஒட்டியிருந்தது. மென்பொருள் அந்தக் கையைத்தான் கன்னமாக்கிக் கண்ணும் வைத்திருக்கிறது.

போகும்போது அந்தச் சட்டம் போட்ட படத்தை அவர் எடுத்துப்போகவில்லை. "இந்தாள நீங்களே வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். குப்பையில் போடக் கை வரவில்லை. யாராக இருந்தாலும் ஒரு வேளை படையல் வாங்கிய ஆள். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அன்று மாலை கடையடைக்கும்வரை அந்தப் படத்து ஆள் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இருந்தது.

மறுநாள் மத்தியானம்தான் அந்த ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கல்யாணத்திலும் நானூறு ஐந்நூறு படம் வீணாகும். கண் மூடியது, ஆள் குறுக்கே வந்தது, போகஸ் தப்பியது. எல்லாவற்றையும் 'தப்பு' என்ற பெயரில் ஒரு பெட்டியில் தள்ளிவிட்டு, ஆல்பம் கைமாறிய அன்று மொத்தமாக அழிப்பேன். துளசி இன்னும் எண்பது படம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அந்தப் பெட்டி இன்னும் இருந்தது.

ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டு போனேன். முந்நூற்றுச் சொச்சத்தில் வந்தது. தாலி கட்ட சசிகுமார் குனிகிறான், துளசியும் தலை குனிகிறாள். இரண்டு தலையும் இப்படியும் அப்படியும் விலகிய நொடியில் போகஸ் நடுவே புகுந்து பின்னால் ஓடிவிட்டது. கேமரா பிடித்த முதல் வருடத்துப் பையன் செய்கிற பிழை. மண்டபத்திலேயே அந்தப் படத்தைப் பார்த்து என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு வண்ணப் புகையாகக் கலைந்திருந்தார்கள். தாலி ஒரு மஞ்சள் உருண்டை. அவர்களுக்கு நடுவே மண்டபத்தின் பின்பக்கம் அப்படியே செதுக்கியது போல நின்றது. பீப்பாயின் நீலம் தேய்ந்த இடம், மின்விசிறிக் கம்பியின் துரு, கதவின் தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் சன்னாசி.

வலது கை உயர்ந்து விரிந்திருந்தது. அப்போதுதான் எறிந்த மஞ்சள் அரிசியில் நாலைந்து மணிகள் அவர் முன்னால் காற்றில் நின்றன. அங்கிருந்து எறிந்தால் மணவறைக்கு எட்டாது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. வலது கண் அகலத் திறந்து மகளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கையால் இடது கண்ணைப் பொத்தியிருந்தார். துடைக்கிற கை அல்ல அது. கண் சோதிக்கும் இடத்தில் ஒரு கண்ணை மூடச் சொன்னால் மூடுவோமே, அப்படி, விரல்களை ஒட்டவைத்து, இடுக்கு இல்லாமல்.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். முதுகுகள்தான். அவரைப் பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லை.

நான் அழுதேன். அப்புறம் வெகுநேரம் யோசித்தேன். பார்த்தார், ஆசீர்வாதம் செய்தார் என்று வாயால் சொன்னாலே அந்த அம்மாவுக்குப் போதும். படத்தைக் காட்டினால் அந்தக் கையையும் காட்ட வேண்டும். ஆனால் ஒருமுறை நானாக ஒரு முகத்தைச் செய்து கொடுத்ததே போதாதா? மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

புக்கிட் பெலிம்பிங்கில் அவர்களுடையது வரிசைக் கடைசி வீடு. பின்னால் தகர வேலி, வேலியைத் தாண்டினால் செம்பனை. மழை விட்டிருந்தது. ஓலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, மரங்களுக்கு நடுவே மூட்டம் இறங்கி மூன்றாவது வரிசைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நல்லம்மாள் தனியாக இருந்தார். சமையற்கட்டில் பின்கதவைப் பார்க்க ஓர் இலை போட்டிருந்தார். சூடான சோறு, நெத்திலி சம்பல், அவித்த மரவள்ளிக் கிழங்கு, பழைய பீங்கான் குவளையில் கோப்பி ஓ. படம் இல்லை, விளக்கும் ஏற்றவில்லை.

"தெனமும் போடறீங்களாம்மா?"

"பசியோட நிக்கிறப்ப எப்படிப் போடாம இருக்கறது? துளசிகிட்ட சொல்லாதீங்க. பயப்படுவா."

முக்காலியை இழுத்து மடிக்கணினியை வைத்தேன்.

"ஒரு படம் கெடச்சிருக்கும்மா. தப்பா எடுத்த படம். போகஸ் தப்பிப் பின்னால போயிருச்சு. நெசமானது. நான் ஒண்ணும் கை வைக்கல."

திறந்தேன். முதலில் அவர் இரண்டு வண்ணப் புகைகளைப் பார்த்துக் குழம்பினார். நான் மெல்லப் பெரிதாக்கினேன். கதவு வந்தது, வெள்ளைச் சட்டை வந்தது, பிறகு முகம்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துருக்காரு" என்றார். "பாத்துருக்காரு. அரிசி போட்ருக்காரு. ஏங் கண்ணு, போட்ருக்காரு பாரு."

"ஆமாம்மா."

வெகுநேரம் பார்த்தார். சட்டைப் பித்தானை, மீசையை, காற்றில் நின்ற அரிசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு விரல் அந்த இடது கைக்கு வந்து நின்றது.

"இது?"

"கண்ண மறச்சிருக்காரும்மா."

"அங்க யாரு இருந்தா?"

"யாரும் இல்லம்மா. எல்லாரும் மணவறையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"அப்பறம் யாருக்கு மறச்சாரு?"

எனக்குப் பதில் தெரியும், அவருக்கும் தெரியும். இலையில் சோற்றின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்தக் கைய எடுக்க முடியுமா?"

"கைக்குப் பின்னால என்ன இருக்குன்னு கேமராவுக்குத் தெரியாதும்மா. எடுத்தா மறுபடியும் வேற யாராச்சும் வந்துருவாங்க."

"கேமராவுக்குத் தெரியாது" என்றார் நல்லம்மாள். "எனக்குத் தெரியும்ல."

முழங்காலில் கையூன்றி எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், திறந்திருந்த பின்கதவைப் பார்த்து நின்றார். வெளியே இன்னும் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"கைய எடுங்க" என்றார். "நம்ம வூடுதான் இது. நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். கைய எடுத்துட்டு உள்ள வாங்க, சோறு ஆறுது."

நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.